அதிகம் புழங்கும் சொல்லே அடங்காத சொல்

ஆங்கில இலக்கணப் புத்தகம் எதை எடுத்தாலும் மூன்று பத்திகளாக ஒரு பட்டியல் இருக்கும். ரென்னும் மார்ட்டினும் 1930களில் எழுதி இன்றுவரை நம் பள்ளிகளில் புழங்கும் நூலிலும் அது உண்டு. முப்பதே நாளில் ஆங்கிலம் பேசவைப்பதாகச் சொல்லிப் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் நூல்களிலும் உண்டு. ‘கோ, வென்ட், கான்’. ‘சீ, சா, சீன்’. ‘டேக், டுக், டேக்கன்’. இவற்றுக்கு விதி கிடையாது, உருப்போட்டுக்கொள் என்பதுதான் அந்தப் பட்டியல் சொல்லித்தரும் ஒரே இலக்கணம்.

இன்றைய ஆங்கில வினைச்சொற்களில் இந்த ஒழுங்கற்ற கூட்டம் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் மிக அதிகமாகப் புழங்கும் முதல் பத்து வினைகளைத் தனியே எடுத்தால் (பி, ஹேவ், டூ, கோ, சே, கேன், வில், சீ, டேக், கெட்) பத்தும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ‘அபாலிஷ்’, ‘கல்டிவேட்’ போல எப்போதாவது நாவில் ஏறும் சொற்களோ சொன்னபடி கேட்டு, ‘-எட்’ விகுதியை வாங்கிக்கொண்டு நிற்கின்றன. ஆங்கிலம் கற்க வருபவர் முதல் வாரத்திலேயே சந்திக்க வேண்டிய சொற்கள்தான் அம்மொழியின் மிக முரண்டான சொற்களாகவும் இருக்கின்றன.

இது தற்செயலாக அமைந்ததில்லை. ‘ஒழுங்கற்றவை’ என்ற பெயரும் இவற்றுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். இவற்றில் பெரும்பாலானவை, இன்றைய விதி ஆட்சிக்கு வருவதற்கு முன்பிருந்த விதிகளை இன்னமும் விடாமல் கடைப்பிடிப்பவை.

கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த மொழியிலிருந்து பிறந்தது பழைய ஆங்கிலம். அதில் காலம் காட்ட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சொல்லின் நடுவிலுள்ள உயிரொலியை மாற்றுவது. ‘ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க்’ என்று இன்றும் கேட்பது அதன் மிச்சம். இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. இந்தோ-ஐரோப்பிய மொழிகள் முழுவதிலும் ஓடும் பழைய நரம்பு. நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம், 1819இல் வெளிவரத் தொடங்கிய தம் ஜெர்மன் இலக்கண நூலில், இப்படி உயிர் மாறும் வினைகளை ‘வலியவை’ என்றும், விகுதி ஏற்பவற்றை ‘மெலியவை’ என்றும் வகுத்தார். வெளியிலிருந்து உதவி கேட்காமல் தன் உடம்பையே மாற்றிக் காலம் காட்டும் சொல் அவருக்கு வலிமையானதாகத் தெரிந்தது. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய வலிய வினைகள் முந்நூறுக்கு மேல் இருந்தன. ஏழு வகுப்புகளாக அவற்றைப் பிரிக்கலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் தன் உயிர்மாற்ற ஒழுங்கு உண்டு. அக்காலத்துக் குழந்தைக்கு அது முறையான இலக்கணம்தான்.

இரண்டாவது வழி, சொல்லின் இறுதியில் ‘ட’ ஒலியைச் சேர்ப்பது. ‘செய்’ என்னும் பொருளுடைய வினையின் இறந்தகால வடிவம் ஒட்டித் தேய்ந்து இந்த விகுதியானது என்பது மொழியியலாளர் பலருடைய கருத்து. ஜெர்மானிய மொழிகள் புதிதாக உருவாக்கிக்கொண்ட வழி இது. புதுச் சொற்களுக்கு எளிதாக ஒட்டியது என்பதே இதன் பலம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்தபோது, அநேகமாக அத்தனையும் ‘-எட்’டைத்தான் ஏற்றன. ‘கேட்ச்’ (இறந்தகாலம் ‘காட்’), ‘ஸ்ட்ரைவ்’ (இறந்தகாலம் ‘ஸ்ட்ரோவ்’) என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டும், உள்ளூர்ச் சொற்களின் சாயலைப் பிடித்துக்கொண்டு பழைய கூட்டத்தில் சேர்ந்தன. வெள்ளம் பெருகப் பெருக, புது விதி பெரும்பான்மையாயிற்று; பழைய விதிகள் தேய்ந்தன.

எந்த வேகத்தில் தேய்ந்தன? 2007இல் ‘நேச்சர்’ இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்களான எரெஸ் லீபர்மன், ழான்-பாப்டிஸ்ட் மிஷேல், மார்ட்டின் நோவாக் உள்ளிட்ட ஒரு குழு இதைக் கணக்கிட்டு எழுதியது. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளை அவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். இடைக்கால ஆங்கிலத்துக்கு வரும்போது அவற்றில் 145 அப்படியே இருந்தன. இன்று மிஞ்சியவை 98. எவை விழுந்தன, எவை நின்றன என்று பார்த்தபோது ஒரு சீர் தெரிந்தது. குறைவாகப் புழங்கியவை முதலில் விழுந்திருந்தன. ஒரு வினை மற்றொன்றைவிட நூறு மடங்கு குறைவாகப் புழங்கினால், பத்து மடங்கு வேகமாக அது ‘-எட்’டுக்குப் பணிகிறது. புழக்கத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஆயுள் நீள்கிறது என்று கணக்கில் சொல்வார்கள். ‘ஹெல்ப்’ இப்படிப் பணிந்த வினைகளில் ஒன்று. ஒருகாலத்தில் அதன் இறந்தகாலம் ‘ஹோல்ப்’. அடுத்துப் பணியப்போவது மணம் புரிதலைக் குறிக்கும் ‘வெட்’ என்று அந்தக் கட்டுரை ஆரூடமும் சொன்னது.

கதிரியக்கத் தனிமங்களுக்குப் போல வினைச்சொற்களுக்கும் அரைவாழ்வுக் காலம் கணித்தது இந்த ஆய்வின் கவர்ச்சி. அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. ‘பி’, ‘ஹேவ்’ இரண்டுக்கும் கிடைத்த அரைவாழ்வு 38,800 ஆண்டுகள். ஆங்கிலம் என்று நாம் அழைக்கும் மொழிக்கே வயது ஏறத்தாழ 1,500 ஆண்டுதான். இந்த எண்ணைப் புன்னகையோடு ஏற்றுக்கொள்ளலாமே ஒழிய, நம்ப வேண்டியதில்லை. தவிர, சரிவு ஒரே திசையில் நடக்கவும் இல்லை. உடுத்துதலைக் குறிக்கும் ‘வேர்’, மணி ஒலித்தலைக் குறிக்கும் ‘ரிங்’ இரண்டும் பழைய ஆங்கிலத்தில் மெலியவை. பிற்பாடு உயிர் மாற்றும் கூட்டத்தில் சேர்ந்து ‘வோர்’, ‘ராங்’ ஆயின. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் தோண்டியவர்கள் ‘டிக்டு’ என்றே வருகிறார்கள். இன்று ‘டக்’ என்று சொல்லாதவர் இல்லை. நழுவிச் செல்லுதலைக் குறிக்கும் ‘ஸ்னீக்’, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பேச்சில் ‘ஸ்னக்’ ஆகி, இப்போது அச்சிலும் ஏறிவிட்டது. அணு இப்படித் திரும்பி வருவதில்லை. ஆனாலும் அடிப்படைக் கண்டுபிடிப்பு நிற்கிறது: வாயில் அடிக்கடி வருவது மாறாமல் நிற்கிறது.

ஏன் என்பதற்கு விடை குழந்தைகளிடம் இருக்கிறது. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், பறவை போன்ற கற்பனைப் பிராணி ஒன்றின் படத்தைக் குழந்தைகளிடம் காட்டி ‘இது வக்’ என்றார். இரண்டு பிராணிகள் உள்ள படத்தைக் காட்டியதும், பிறந்ததிலிருந்து கேட்டேயிராத அந்தச் சொல்லைக் குழந்தைகள் ‘வக்ஸ்’ என்று பன்மையாக்கினார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வது மட்டுமாகக் குழந்தையின் மொழி இருந்தால் இது நடக்காது; உள்ளே ஒரு விதி வேலை செய்கிறது. அதே போன்ற ஒரு விதிதான் ‘வென்ட்’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘கோட்’ என்றும் சொல்லவைக்கிறது. இந்தப் பிழை எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று கேரி மார்க்கஸ், ஸ்டீவன் பிங்கர் முதலானோர் 1992இல் எண்ணிப் பார்த்தார்கள். பெற்றோர் நினைப்பதைவிட மிகக் குறைவு, சுமார் 4 விழுக்காடுதான். தனிவடிவம் நினைவுக்கு வந்துவிட்டால் விதி ஒதுங்கிக்கொள்கிறது. வராவிட்டால் விதி முன்னே வருகிறது. ‘வென்ட்’டைக் குழந்தை தினமும் பல தடவை கேட்கிறது, மறக்க வழியில்லை. ‘ஹோல்ப்’ போன்ற ஒன்றைப் போதுமான அளவு கேட்காத ஒரு தலைமுறை வந்தால் போதும், அதன் கதை முடிந்தது. பெயர்ச்சொற்களிலும் இதே கதைதான். பாதத்துக்கு ‘ஃபுட்–ஃபீட்’ நிலைத்தது. புத்தகத்தைக் குறிக்கும் ‘புக்’ பழைய ஆங்கிலத்தில் அதே வழியில்தான் உயிர் மாறிப் பன்மையானது, ஆனால் ‘-எஸ்’ஸுக்குத் தோற்றுவிட்டது.

இனி ‘கோ’வுக்கு வருவோம். ‘வென்ட்’ எந்த வழியிலும் ‘கோ’விலிருந்து பிறந்திருக்க முடியாது. பழைய ஆங்கிலத்தில் ‘கோ’வுக்குரிய இறந்தகாலம் ‘ஏஓடே’ என்று ஒலித்தது. அதற்கும் ‘கோ’வுக்கும் அப்போதே ஒலி ஒற்றுமை கிடையாது. ‘வென்ட்’ வேறு வீட்டுப் பிள்ளை. திரும்பிச் செல்லுதல், வழிபற்றிச் செல்லுதல் என்று பொருள்படும் ‘வெண்டு’ என்ற வினையின் இறந்தகாலம் அது. அனுப்புதலைக் குறிக்கும் ‘செண்டு’ இறந்தகாலத்தில் ‘சென்ட்’ என்று இறுதி வன்மையாவது போல ‘வெண்டு’ ‘வென்ட்’ ஆயிற்று. சுமார் 15ஆம் நூற்றாண்டுக்குள் ‘ஏஓடே’யின் வழிவந்த வடிவத்தைத் துரத்திவிட்டு இது ‘கோ’வின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ‘வெண்டு’வோ இறந்தகாலத்தைப் பறிகொடுத்துவிட்டுத் தனக்கென ‘வெண்டட்’ என்று ஒன்றைப் புதிதாகச் செய்துகொண்டது. இப்படி இரண்டு சொற்கள் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்வது மொழியில் எல்லா இடத்திலும் நடப்பதில்லை; அன்றாடப் புழக்கத்தின் உச்சியில் இருக்கும் சொற்களில்தான் அது நிலைக்கிறது.

‘பி’ இதையும் மிஞ்சியது. அதில் மூன்று வேர்கள் உள்ளன. ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ ஒரு வேர். ‘பி’, ‘பீன்’ மற்றொன்று. ‘வாஸ்’, ‘வெர்’ மூன்றாவது. தமிழ் வாசகருக்கு இம்மூன்று வேர்களும் வடமொழி வழியாக முன்பே அறிமுகமானவைதாம். ‘இஸ்’ஸுக்கு உறவான வடமொழி வடிவம் ‘அஸ்தி’ (இருக்கிறது); ஆத்திகம், நாத்திகம் இரண்டும் அதிலிருந்து வந்தவை. ‘பி’க்கு உறவு ‘பூ’ என்ற தாது. சம்பவம் என்ற சொல்லில் அது இருக்கிறது. ‘வாஸ்’ஸுக்கு உறவு தங்குதலைக் குறிக்கும் ‘வஸ்’. நம் வாசமும் வசிப்பும் அதன் பிள்ளைகள். இருத்தல், ஆதல், தங்குதல் என்று மூன்று தனித்தனி வினைகள், ஒன்று விட்ட இடத்தை ஒன்று நிரப்பி, ஆங்கிலத்தில் ஒரே வினையின் எட்டு முகங்களாகிவிட்டன. பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு நிகழ்காலமே இரண்டு தொகுதிகளாக இருந்தது. ‘பி’ வேரிலிருந்து வந்த தொகுதி எதிர்காலத்துக்கும் என்றும் மாறாத உண்மைகளுக்கும் பயன்பட்டது. அந்த நுட்பம் பின்னால் தொலைந்துபோனது. எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

அதிகம் புழங்குவது அடங்காது என்ற இந்த விதி தமிழிலும் செல்லும். ஆயிரக்கணக்கான தமிழ் வினைகள் வகுப்பு பிரித்துச் சொன்னால் அடங்குகின்றன. வா–வருகிறான்–வந்தான், தா–தருகிறான்–தந்தான், சா–சாகிறான்–செத்தான், காண்–கண்டான், போ–போனான், சொல்–சொன்னான் என்பவை அடங்க மறுக்கின்றன. வருவதும் போவதும் தருவதும் சாவதும் எந்த ஊரிலும் அன்றாடப் பேச்சுதான்.

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. ‘ஹி கோஸ்’, ‘ஹி சீஸ்’ என்று படர்க்கை ஒருமைக்கு ‘-எஸ்’ போட வேண்டும் என்றால், ‘ஹி கேன்’ மட்டும் ஏன் ‘ஹி கேன்ஸ்’ ஆவதில்லை? துணைவினை என்பதால் ஆவதில்லை என்று ஆசிரியர் சொல்வார். அது விடையாகாது, கேள்விக்கு வைத்த பெயர். ‘கேன்’, ‘மே’, ‘ஷல்’, ‘மஸ்ட்’ ஆகியவை மிகப் பழங்காலத்தில் இறந்தகால வடிவங்கள். இறந்தகாலத்தில் படர்க்கைக்கு விகுதி கிடையாது. ‘ஹி ட்ராங்க்’ என்பதில் ‘-எஸ்’ இல்லை அல்லவா, அதைப் போல. முடிந்துபோன செயலைச் சொன்ன சொல், அச்செயலால் இப்போது ஏற்பட்டிருக்கும் நிலையைச் சொல்லத் தொடங்கியது. ‘கற்றேன்’ என்பது ‘அறிவேன்’ ஆயிற்று. ‘அறிவேன்’ என்பது ‘முடியும்’ ஆயிற்று. ‘கேன்’ கடந்துவந்த பாதை இது. வடமொழியில் ‘அறிவேன்’ என்று பொருள்படும் ‘வேத’ என்ற வினைவடிவமும் இதே போல முற்றுப்பெற்ற காலத்தில் நின்றுகொண்டு நிகழ்காலப் பொருள் தருவதுதான். நமக்கும் இது புதிதில்லை. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ‘புரிந்தது’ என்கிறோம். வடிவம் இறந்தகாலம், புரிதலோ இப்போது இருப்பது.

இறந்தகாலம் நிகழ்காலமானதும் இந்த வினைகளுக்கு இறந்தகாலம் இல்லாமல் போயிற்று. ஆகவே புதிதாகச் செய்துகொண்டன: ‘குட்’, ‘மைட்’, ‘ஷுட்’. இதில் ‘குட்’டின் எழுத்தமைப்பு ஒரு வேடிக்கை. அதன் நடுவில் ‘எல்’ ஒலிக்கு என்றும் இடமிருந்ததில்லை. ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டிலும் முன்பு ஒலித்த ‘எல்’ எழுத்தில் இருந்ததால், கூட்டத்தோடு ஒத்துப்போகட்டும் என்று இதற்கும் ஒன்றைச் செருகினார்கள். பல நூற்றாண்டுகளாக உலகம் முழுவதும் பிள்ளைகள் அந்த எழுத்தை விட்டுவிட்டுத் தண்டனை வாங்குகிறார்கள். ‘மஸ்ட்’ இருமுறை பயணம் செய்த சொல். நிகழ்காலமாகிவிட்ட ஒரு வினைக்குப் புதிதாகச் செய்த இறந்தகாலம் அது. பிறகு அதுவும் நிகழ்காலமாயிற்று. மூன்றாம் முறை யாரும் செய்து தரவில்லை. ‘நேற்றுப் போகவேண்டியிருந்தது’ என்பதற்கு ‘மஸ்ட்’டுக்குச் சொந்த வடிவம் இல்லாமல் ‘ஹேட் டு’வைக் கடன் கேட்க வேண்டியிருக்கிறது.

புழக்கம் சொல்லைக் காப்பாற்றுகிறது என்று இதுவரை சொன்னேன். அதே புழக்கம் சொல்லைத் தேய்க்கவும் செய்கிறது. ‘ஹேட்’ ஒருகாலத்தில் இரண்டு அசையுடன், நடுவில் உதட்டொலியும் வைத்து ‘ஹேஃப்டெ’ என்று ஒலித்தது. ‘மேட்’டுக்கு நடுவில் ககரம் இருந்தது. ‘சே’ என்பதைப் படர்க்கையில் ‘சேய்ஸ்’ என்று எழுதிவிட்டு ‘செஸ்’ என்று படிக்கிறார்கள். ஜோன் பைபீ என்ற மொழியியலாளர் இந்த இரண்டு விளைவுகளையும் பிரித்துக்காட்டினார். புழக்கம் ஒலியைக் குறைக்கும், அமைப்பைக் காக்கும். ஆகவே மிகப் பழைய இலக்கணமும் மிகக் குறுகிய உச்சரிப்பும் ஒரே சொல்லில் சேர்ந்து கிடைக்கின்றன.

பொருளை அது பெருக்கவும் செய்கிறது. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’. சுமார் 430 பொருள்கள். மூன்றாம் பதிப்புக்கான பணியில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதத்துக்கும் மேலாக அந்த ஒரு வினையோடு உட்கார்ந்து 645 பொருள்களைப் பிரித்தார். எங்கே ஒரு பொருள் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது பதிப்பாசிரியரின் தீர்ப்பு. வேறொருவர் பிரித்தால் 500 வரலாம், 700 வரலாம். ஆனால் திசை ஐயத்துக்கிடமற்றது. ஜார்ஜ் ஸிஃப் 1945லேயே, ஒரு சொல்லின் பொருள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ அதன் புழக்கத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது என்று காட்டினார். அங்கும் வர்க்கமூலம், இங்கும் வர்க்கமூலம். இரண்டுக்கும் உறவிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ‘ரன்’ பெருகிய விதம் தமிழருக்கு எளிதில் விளங்கும். நம்மிடமும் வண்டி ஓடுகிறது, மெஷின் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, கடை ஓடுகிறது. தேர்தலில் மட்டும் அமெரிக்கர் ஓடுகிறார்கள், பிரிட்டிஷார் நிற்கிறார்கள். நாமும் நிற்கிறவர்கள்.

‘செட்’டில் பொருளும் வடிவமும் ஒன்றையொன்று விளக்குகின்றன. அது ‘சிட்’ (உட்கார்) என்பதன் பிறவினை. உட்காரவைத்தல் என்பதே தொடக்கப் பொருள். ஓடு–ஓட்டு, திருந்து–திருத்து, வருந்து–வருத்து என்று தன்வினையையும் பிறவினையையும் இணை இணையாக வைத்திருக்கும் நமக்கு இந்த உறவு உடனே பிடிபடும். ஆங்கிலம் அந்த வாய்ப்பாட்டைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. எஞ்சியவை சில இணைகள்: விழுதலுக்கு ‘ஃபால்’, மரத்தை விழவைப்பதற்கு ‘ஃபெல்’, படுத்தலுக்கு ‘லை’, கிடத்துவதற்கு ‘லே’. இந்தக் கடைசி இணையில் ஒரு பொறி இருக்கிறது: ‘லை’ என்பதன் இறந்தகாலமும் ‘லே’. ஆங்கிலேயரே தடுமாறும் இடம் அது. ‘படு, படுத்து’ என்ற இணையை மனத்தில் வைத்துக்கொண்டால் தமிழ் மாணவர் தடுமாற வேண்டியதில்லை. ஆனால் அப்படிச் சொல்லித்தரும் பாடநூல் எதையும் நான் பார்த்ததில்லை. ‘செட்’ மூன்று பத்தியிலும் ‘செட்’ ஆகவே நிற்பதற்கும் காரணம் உண்டு. டகரத்தில் முடியும் குறுஞ்சொல்லோடு டகர விகுதி சேர்ந்தபோது சொல்லே அதை விழுங்கிவிட்டது. ‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’ எல்லாம் இவ்வகை.

பழையவை கரைந்துகொண்டிருக்கும்போதே கூட்டத்துக்குப் புதியவை வந்துகொண்டும் இருக்கின்றன. முன்பெல்லாம் வழக்கமாகச் செய்ததைச் சொல்லும் ‘யூஸ்டு டு’ தன் தாய்ச்சொல்லான ‘யூஸ்’ஸிடமிருந்து ஒலியிலும் பொருளிலும் பிரிந்துவிட்டது, நிகழ்காலம் இல்லாத வினை அது. ‘போவது நல்லது’ என்பதைச் சொல்லும் ‘யூ ஹேட் பெட்டர் கோ’வில் ‘ஹேட்’ பேச்சில் கரைந்து ‘யூ பெட்டர் கோ’ ஆகிவிட்டது. ‘நல்லதினும் நல்லது’ என்ற பொருளுடைய ஒரு சொல் கண்ணெதிரே துணைவினையாகிக்கொண்டிருக்கிறது. ‘ஹேவ் காட் டு’ என்ற மூன்று சொற்கள் உருகி ‘காட்டா’வாகிவிட்டன, அமெரிக்கப் பேச்சில் ‘ஐ காட்டா கோ’, ‘ஹி காட்டா கோ’ இரண்டையும் கேட்கலாம். ‘ஹி காட்டாஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘நேற்று’ என்று சொல்ல நேர்ந்தால் அவர்களும் ‘மஸ்ட்’டைப் போலவே ‘ஹேட் டு’விடம்தான் போகிறார்கள்.